முதற் பள்ளிக்கூடம் வீடே!

(புத்தளம் மாவட்டக் கரையோரத்துப் பெற்றாரும் ஆசிரியரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வடிவம்)



பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பாடசாலைக் கட்டடம், ஆசிரியர் பற்றாக்குறை, பரீட்சைப் பெறுபேறு என்பவற்றையே நாம் பேசுகின்றோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும், ஐந்து வயதில் முதலாம் வகுப்பின் வாயிலில் வந்து நிற்கும் குழந்தை ஏற்கனவே ஐந்தாண்டுக் கல்வியை முடித்துக்கொண்டு வருகின்றது என்பதை மறந்துவிடுகின்றோம். அக்கல்வியை ஊட்டிய ஆசிரியர் யாவர்? தாயும் தந்தையும், பாட்டனும் பாட்டியும். அக்கல்விக்குப் பாடநூல் எது? வீட்டிற் பேசப்படும் மொழி. அந்நூலை நாமே மூடிவைத்துவிட்டுப் பாடசாலையை மட்டும் குறை கூறுவதிற் பயனென்ன?

தென்னையைப் பற்றி இம்மாவட்டத்துக் கமக்காரருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாற்றுமேடையில் முளைத்த கன்று தன் முதல் மாதங்களில் மண்ணை நம்பி வாழ்வதில்லை. தான் பிறந்த தேங்காயின் பருப்பை உண்டே வேரும் ஓலையும் விடுகின்றது. அதனைத் 'தென்னம்பிள்ளை' என்று தமிழர் அழைத்தது எத்துணைப் பொருத்தம்! மனிதப் பிள்ளைக்கு வீட்டு மொழியே அந்தப் பருப்பு.

இது வெறும் உவமையன்று. ஆராய்ச்சியாளர் கண்ட உண்மையுமாகும். 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், பிறந்து மூன்று நாள்கூட நிறையாத குழந்தைகளை டிக்காஸ்பர், பைபர் என்னும் இருவர் சோதித்தனர். பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே அக்குழந்தைகள் விரும்பிக் கேட்டன. 1984 ஆம் ஆண்டில் கனடாவில் ஜனெற் வேர்க்கரும் றிச்சர்ட் டீசும் மேலும் ஒன்றைக் காட்டினர். நம் தகரத்தையும் டகரத்தையும் ஒத்த இந்தி ஒலிகளை, ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறாம், ஏழாம் மாதத்தில் வேறு பிரித்து அறிந்தன. ஓராண்டு நிறையுமுன் அவ்வாற்றல் பெரும்பாலும் மறைந்தது. இந்தி பேசும் வீடுகளிலோ அது நிலைத்து நின்றது. பேசத் தொடங்குமுன்னரே குழந்தையின் செவி வீட்டு மொழிக்கேற்ப உருவாகிவிடுகின்றது என்பதே இதன் பொருள்.

2003 ஆம் ஆண்டில் பற்றிறீசியா கூல் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வு, இக்காலப் பெற்றார் யாவரும் அறிய வேண்டிய ஒன்று. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் ஒருவர் நேரில் அமர்ந்து, விளையாட்டுப் பொருள்களைக் காட்டிச் சீன மொழியிற் பேசினார். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பற்றிக்கொண்டன. அதே பேச்சைத் திரையிற் பார்த்த குழந்தைகளோ ஒன்றையும் கற்கவில்லை. அழும் குழந்தையின் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, அது மொழி கற்கின்றது என்று மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக! குழந்தைக்கு வேண்டியது தன் முகம் பார்த்துப் பேசும் மனிதர். தான் மழலையில் ஒன்று சொன்னால் மறுமொழி கூறும் மனிதர்.

அன்பர்களே! வீட்டு மொழி தளர்ந்தால் நேர்வதென்ன என்பதை அறிய நாம் தொலைநாடு செல்ல வேண்டியதில்லை. நீர்கொழும்பு தொடக்கம் சிலாபம் வரையுள்ள கரையோரத்தையும் அதற்கு வடக்கே நம் ஊர்கள் சிலவற்றையும் பாருங்கள். கத்தோலிக்க மீனவர் குடும்பங்கள் பலவற்றிற் பாட்டனார் தமிழிற் செபித்தார். மகன் இரு மொழியும் பேசினான். பேரன் சிங்களம் ஒன்றையே அறிவான். மூன்று தலைமுறைக்குள் ஒரு கரையின் மொழி மாறிற்று.

ஏன் மாறிற்று? சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கரையோரப் பாடசாலைகள் பலவற்றிற் போதனா மொழி தமிழிலிருந்து சிங்களமாயிற்று. 1956 ஆம் ஆண்டின் சட்டம் சிங்களம் ஒன்றையே அரசகரும மொழியாக்கியது. உத்தியோகம் வேண்டுமாயின் தமிழ் உதவாது என்று பெற்றார் அஞ்சினர். பிள்ளையிடம் தமிழிற் பேசுவதை நிறுத்தினர். அச்சட்டம் இழைத்த அநீதியை நாம் சிறிதும் குறைத்துக் கூறவில்லை. ஆனால் 1987 ஆம் ஆண்டில், பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. அதனால் அவ்வீடுகளுக்குத் தமிழ் திரும்பி வந்ததா? வரவில்லை. சட்டத்தால் ஒரு மொழியைக் கந்தோருக்கு மீட்டுக் கொணரலாம்; தொட்டிலுக்கு மீட்டுக் கொணர இயலாது. தாய் நாவில் அறுந்த இழையை எந்தப் பாராளுமன்றமும் முடிந்து தராது.

புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், போர்த்துக்கேயர் முதலாகிய ஐரோப்பியர் படைத்தொழிலுக்குக் கொணர்ந்த ஆபிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசினர். இன்று அம்மக்களின் வீட்டுப் பேச்சு சிங்களம். பழைய மொழி 'மஞ்சா' என்னும் பாடல்களிலேயே தங்கியிருக்கின்றது. பாட்டு உண்டு, பேச்சு இல்லை. விழா மேடையில் மட்டும் தமிழைப் போற்றி வீட்டில் அதைக் கைவிடுவோர்க்கு இதனினும் தெளிவான எச்சரிக்கை வேண்டுமோ?

இதற்கு மாறாக உடப்பைப் பாருங்கள். சூழச் சிங்களம் வழங்கியும் அவ்வூரிற் தமிழ் நின்றது. திரௌபதை அம்மன் கோயிலிலும் கரைவலை இழுக்கும் அம்பாப் பாட்டிலும், பாடசாலையிலும் அடுக்களையிலும் ஒரே மொழி ஒலித்தமையால் நின்றது. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் இம்மாவட்டத்துக்கு வந்தனர். வீட்டையும் காணியையும் இழந்து வந்தவர்கள் வீட்டு மொழியை இழக்கவில்லை; முகாமிற் பிறந்த பிள்ளைக்கும் அதனை ஊட்டினர்.

பிற மொழி வேண்டாமென்று நாம் சொல்கின்றோமா? ஒருபோதும் இல்லை! 1807 ஆம் ஆண்டில் நம் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டே பன்மொழிப் புலமை எய்தினார். இலங்கை பற்றிய அகராதியை 1834 இலும், தமிழ்ப் புலவர் வரலாறு கூறும் 'தமிழ் புளூட்டாக்' நூலை 1859 இலும் ஆங்கிலத்தில் எழுதி உலகறியச் செய்தார். 1962 ஆம் ஆண்டிற் கனடாவின் மொன்றியல் நகரிற் பீல், லம்பேட் என்போர் நடத்திய ஆய்வில், இரு மொழியும் நன்கறிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளைவிட அறிவுச் சோதனைகளிற் சிறந்து நின்றனர். ஆகவே சிங்களமும் கற்க வேண்டும். ஆங்கிலமும் கற்க வேண்டும். அத்திவாரத்தைப் பெயர்த்தெடுத்த கல்லால் மேல்மாடி கட்டலாகாது என்பதே நம் வாதம்.

இன்று ஆபத்து வேறு உருவில் வருகின்றது. படித்த உத்தியோகத்தர் வீட்டில், தாமே தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தைப் பிள்ளைக்கு ஊட்டுகின்றனர். "தோட்டத்துக்குப் போனோம், கிணற்றடியில் ஆமை ஒன்று கிடந்தது, அது ஏன் தலையை உள்ளே இழுத்தது தெரியுமா?" என்று தமிழிற் சொல்லக்கூடிய தந்தை, ஆங்கிலத்தில் "வா, போ, சாப்பிடு" என்பதோடு நின்றுவிடுகின்றார். பிள்ளை இழப்பது ஒரு மொழியை மட்டுமா? ஏன், எப்படி, பிறகு என்ன என்று சிந்திக்கும் பழக்கத்தையும் இழக்கின்றது. ஏழை வீட்டிலோ, தாய் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றாள். தந்தை பருவத்துக்குப் பருவம் வாடி மாறுகின்றார். அவ்வீட்டுக் குழந்தையுடன் பேசுவதற்கு ஆளே இல்லை. இதனைத் தாயின் குற்றமாக்குவது கொடுமை. ஊர் முழுவதன் பொறுப்பாக்குவதே நீதி.

நாம் செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவையல்ல.

சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் குழந்தையுடன் பேசுங்கள். கேள்வி கேட்டால் விடைக்குக் காத்திருங்கள். தாலாட்டும் விடுகதையும் பாட்டியின் கதையும் மீண்டும் வீட்டுக்கு வரட்டும். கடலால் மீளும் தந்தை சூடை எது, பாரை எது, சீலா எது என்று காட்டிச் சொல்லட்டும். வெங்காயப் பாத்திக்கு நீர் இறைக்கும் கமக்காரர் சோளகம் எப்போது வரும், வாடை எப்போது வரும் என்று கூறட்டும். கச்சானையும் கொண்டலையும் வீட்டில் அறிந்த பிள்ளைக்குப் பருவக்காற்றைப் பற்றிய பாடம் பழைய நண்பனாகத் தோன்றும். அறியாத பிள்ளை அதனை மனனம் செய்து மறக்கும். தாய் வெளிநாட்டிலிருக்கும் வீடுகளின் சிறுவரை மாலையில் ஒரு மணி நேரம் கூட்டிக் கதை சொல்வதைச் சனசமூக நிலையங்களும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் ஏற்கட்டும். முன்பள்ளி ஆசிரியைக்கு உழைப்புக்கேற்ற ஊதியமும் பயிற்சியும் வேண்டுமென அரசிடம் நாம் ஒரே குரலிற் கேட்போம்.

சிங்களமே வீட்டு மொழியாகிவிட்ட நம் அயலவர்க்கும் இவ்வுண்மை பொருந்தும். அவர்கள் பிள்ளைக்கு அதுவே தாய்மொழி. அதனை அவர்கள் வளமாகப் பேசட்டும். எவரையும் இகழ்வது நம் நோக்கமன்று.

ஆனால் தமிழ் இன்னும் நாவில் உள்ளவர்கள் நாம். நம் பாட்டியர் நமக்கு அளித்ததை நம் பேரருக்கு அளிப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை. எந்தச் சட்டமும் இனித் தடையில்லை. இன்றிரவு வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சிறுபிள்ளையை அருகிலிருத்தி, அன்று கண்டதைக் கேட்டதைச் சொல்லுங்கள். அது சொல்வதையும் பொறுமையோடு கேளுங்கள். முதற் பள்ளிக்கூடத்தின் மணி அதுவே. அதனை நாம் அடிப்போமாக!