பிழையும் ஒரு பாடமே

(பூச்சோங்கில், அறவாரியத்தின் கல்வி நிதிக் கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைகளின் கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தீர்கள். பல்லாண்டுகள் கணிதம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். பிள்ளை செய்யும் பிழையைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. அந்தப் பிழையைப் பார்க்காமல் விடுவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

இன்று அடுக்குமாடி வீடுகளும் பேரங்காடிகளும் நிறைந்திருக்கும் இந்தப் பூச்சோங், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்திருந்த ஊர். கின்ராரா, காசல்பீல்டு என்னும் தோட்டப் பெயர்கள் இன்றும் நம் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் வாழ்கின்றன. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்குக் கல்வி ஒன்றே ஏணியாக இருந்தது. ஆகவே, பிள்ளை ஒரு புள்ளி குறைத்து வாங்கினாலும் ஏணியில் ஒரு படி முறிந்ததுபோல் பெற்றோர் மனம் பதறுகிறது. அந்தப் பதற்றம் அன்பினால் வருவதே. ஆயினும் அதைப் பார்த்து வளரும் பிள்ளை, தவறாகிவிடுமோ என்று வகுப்பில் வாயே திறப்பதில்லை. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலும், பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டிலும் நீக்கப்பட்டன. தேர்வுகள் வரலாம், போகலாம். பிள்ளையின் மனத்தில் குடிகொண்ட அச்சம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், பல பிள்ளைகள் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே உள்ள எண்களைத் தனியாகவும், கீழே உள்ள எண்களைத் தனியாகவும் கூட்டிவிடுகிறார்கள். சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, ஆறில் ஐந்து என்று சரியான விடையை எழுதிக் கொடுத்தால், பிள்ளை அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அடுத்த வாரம் அதே பிழையைச் செய்யும். அதற்குப் பதிலாக, "உன்னிடம் அரை ரொட்டி சானாய் இருக்கிறது. அதனோடு இன்னொரு துண்டும் தருகிறேன். இப்போது உன்னிடம் இருப்பது அரையைவிடக் குறையுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு என்பதைப் பிள்ளை தானே கண்டுகொண்டு சிரித்துவிடும். அந்தப் பிழை வெளியே வந்திராவிட்டால், அதன் எண்ணம் எங்கே தடம் மாறியது என்பதை ஆசிரியர் அறிந்திருக்கவே முடியாது.

மேதைகளுக்கும் இது பொருந்தும். சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராக இருந்த கும்பகோணத்து இராமானுஜன், 1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலே வியக்கத்தக்க உண்மைகள் பல இருந்தன, பிழைகளும் இருந்தன. ஒரு தொடரில் வரும் எண்களைக் கண்டறிய அவர் கொடுத்திருந்த ஒரு சூத்திரம், உண்மைக்கு அருகே சென்றதேயன்றி, அவர் எண்ணிய அளவுக்கு நெருங்கவில்லை. அந்தப் பிழையை ஹார்டி எள்ளி நகையாடவில்லை. அதிலிருந்து பிறந்ததே எண்களின் பிரிவினை பற்றி இருவரும் சேர்ந்து செய்த ஆய்வு. 4 என்ற எண்ணை முழு எண்களின் கூட்டலாக 5 வழிகளில் பிரிக்கலாம். 200ஐப் பிரிக்கும் வழிகளோ 3,972,999,029,388. இத்தகைய எண்களைக் கணக்கிட வழிகாட்டிய சூத்திரத்தை 1918இல் அவர்கள் வெளியிட்டார்கள். இராமானுஜன் கூறியவற்றுள் மிகுந்த பயன் விளைத்தவற்றில் அந்தத் தவறான கூற்றும் ஒன்று என்று ஹார்டியே பின்னாளில், 1940இல் வெளிவந்த தம் நூலில் குறிப்பிட்டார்.

நம் அண்டை நாடான சிங்கப்பூரிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்குள்ள தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய மனு கபூர் என்னும் ஆய்வாளர், மூன்று காற்பந்து வீரர்கள் 20 ஆண்டுகளில் அடித்த கோல்களின் பட்டியலை மாணவர்களிடம் கொடுத்து, மூவரில் சீராக ஆடுபவர் யார் என்று கேட்டார். ஒரு பிரிவினருக்கு முதலிலேயே முறை கற்பிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினர் முதலில் தாமே முயன்று தடுமாறினார்கள். அதன் பிறகே ஆசிரியர் அவர்களின் விடைகளை ஒப்பிட்டுக் காட்டிச் சரியான முறையைச் சொல்லிக் கொடுத்தார். வழக்கமான கணக்குகளில் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சமமாகவே செய்தார்கள். பொருள் உணர்ந்து விளக்குவதிலும், புதிய கணக்குக்குப் பயன்படுத்துவதிலும் தடுமாறியவர்களே முந்தினார்கள். 2012இல் வெளிவந்த ஆய்வு இது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறு செய்தால் மட்டும் போதாது. அதன்பின் திருத்தம் வந்தாக வேண்டும். நம் மூத்தோர் இதை நன்கு அறிவார்கள். பால்மரம் சீவும்போது கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும்; புதிய பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். தொழிலில் நேரும் பிழைக்கு விலை உண்டு. பயிற்சி ஏட்டில் நேரும் பிழைக்கு விலை, அழிப்பான் ஒன்றுதான். ஆகவே விலை குறைவான இடத்தில், சிறு வயதில், பிள்ளைகள் தாராளமாகப் பிழை செய்து திருந்தட்டும்.

கொடையாளப் பெருமக்களே! நம் நிதியில் நடைபெறும் துணைப்பாட வகுப்புகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை அளவாக இருக்கட்டும். "இந்த விடை உனக்கு எப்படி வந்தது?" என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை உங்கள் கொடையால் வாங்கித் தர முடியும். பெற்றோர்களே! ஏடு வீட்டுக்கு வந்ததும் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். தவறான விடை ஒன்றைத் தொட்டு, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். தேவார வகுப்பிலே பண் தவறிப் பாடும் குழந்தையைப் பார்த்து மற்றவர் சிரிக்க இடம் தராதீர்கள். மீண்டும் ஒருமுறை பாடச் சொல்லுங்கள்.

நம் பிழைகளையெல்லாம் பொறுத்தருளும் இறைவன் திருமுன் நாள்தோறும் நிற்கிறோம். நம் பிள்ளைகளின் பிழையைப் பொறுத்து, பார்த்து, திருத்தும் பக்குவத்தையும் அவனிடம் வேண்டுவோம்.