விமானம் ஏறும் முன்பே தொடங்க வேண்டிய பாதுகாப்பு

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறக் கிளைத் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. இரண்டு நாட்கள் கழித்துக் கொச்சி விமான நிலையத்தில் இறக்கப்பட்ட 31 உடல்களில் 23 கேரளத்தவருடையவை, 7 தமிழ்நாட்டவருடையவை, ஒன்று கர்நாடகத்தவருடையது. ஒரே கூரையின் கீழ் உறங்கியவர்களை மாநிலவாரியாகப் பிரித்தது, ஊர் திரும்பும் இறுதிப் பயணம் மட்டுமே.

இப்பகுதி மக்களுக்கு இது புதிதல்ல. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் பிறந்த பெண் பாறசாலையில் வாழ்க்கைப்படுகிறாள். பொழியூர் மீனவரும் நீரோடி மீனவரும் ஒரே கடலில் தொழில் செய்கின்றனர். வளைகுடாவுக்கும் இரு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்தே செல்கின்றனர். ஆனால் துயரம் நேர்ந்தபின், எந்த அரசின் அலுவலகத்தை நாடுவது என்பதில்தான் குடும்பம் முதலில் தடுமாறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஒன்றிய அரசிடம் பதிவு பெறாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே பெறலாம். அதற்கு ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத், ஐக்கிய அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. அந்த அலுவலகம் திருவனந்தபுரத்திலேயே உள்ளது. அவ்வாறு செல்வோருக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இந்தப் பாதுகாப்பு முழுவதையும் தட்டிப்பறிப்பது ‘விசிட் விசா’. “முதலில் போய்ச் சேருங்கள், வேலை விசாவை அங்கே மாற்றிக்கொள்ளலாம்” என்று கூறும் உள்ளூர்த் தரகருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. விசிட் விசாவில் சென்றவர் சட்டத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணி. அனுமதியோ, காப்பீடோ, ஒப்பந்தமோ அவரிடம் இல்லை. சம்பளம் நின்றாலும் புகார் கொடுக்க அஞ்சுகிறார். ஏனெனில் முதலில் சிறைக்குச் செல்பவர் அவரே.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. 2020 தொடக்கத்தில் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது, ஈரானின் துறைமுகங்களில் குமரி மாவட்ட மீனவர்களும் பொழியூர், விழிஞ்ஞம் மீனவர்களும் சிக்கித் தவித்தனர். மாதங்கள் கடந்து, ஜூலை 1 அன்றுதான் ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பல் 687 பேருடன் தூத்துக்குடி வந்தடைந்தது. அந்த 18 நாடுகளின் பட்டியலில் ஈரான் இல்லை. மீன்பாட்டில் பங்கு என்ற வாய்மொழி ஏற்பாட்டில் உழைப்பவரிடம், இவ்வளவு சம்பளம் பாக்கி என்று நிறுவுவதற்கான தாளும் இருப்பதில்லை. பள்ளிப் படிப்பையும் நாட்டையும் பார்த்துப் பாதுகாப்பு வழங்கும் சட்டம் போதாது. கடல் கடந்து உழைக்கும் ஒவ்வொருவரையும் காக்கும் சட்டம் வேண்டும் என்பது இயக்கத்தின் கோரிக்கையாக வேண்டும்.

அதுவரை செய்யத்தக்கவை உள்ளன. முகவரின் பதிவு எண்ணை ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இந்திய அரசின் உடைமை. அதை முதலாளி பறித்துவைத்தால் தூதரகத்தில் முறையிடலாம். கொடுமை தாங்காமல் வெளியேற நேர்ந்தால், ‘ஓடிப்போனவர்’ என்று முதலாளி புகார் கொடுப்பதற்கு முன்பே தூதரகத்திலும் அந்நாட்டுத் தொழிலாளர் துறையிலும் முறையீட்டைப் பதிவு செய்ய வேண்டும். சட்ட உதவிக்கும், ஊர் திரும்பும் பயணச்சீட்டுக்கும், முதலாளி கைவிட்டால் உடலைக் கொண்டுவரவும் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது.

எல்லைப்புறக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸும் பிரவாசி நல வாரியமும் உள்ளன; தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் உள்ளது. கடவுச்சீட்டில் ஒரு மாநில முகவரியும் ரேஷன் அட்டையில் மற்றொன்றும் இருந்தால், இரு கதவுகளும் மூடிக்கொள்ளக்கூடும். முகவரி, மனைவியின் பெயர், திருமணப் பதிவு ஆகியவற்றை ஒழுங்குபடுத்த வேண்டிய காலம் புறப்படும் முன்புதான். வாரிசுச் சான்றுக்காகத் தாலுக்கா அலுவலகத்தில் ஒரு விதவை அலையும்போது அது காலங்கடந்த பாடம்.

தோழர்களே, உடல் வந்தபின் மலர்வளையத்தோடும் கைது நடந்தபின் மனுவோடும் செல்வதில் கிளைகள் குறைவைத்ததில்லை. கந்துவட்டிக்குக் கடன் வாங்கித் தரகரிடம் பணம் கட்டும் முன், அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு தோழர் அமர்ந்து காகிதங்களைப் படித்துப் பார்த்திருந்தால் எத்தனை மனுக்களுக்குத் தேவையே இருந்திராது! இன்று கிளைக்குத் திரும்பியதும், இந்த ஆண்டு தம் ஊரிலிருந்து யார் யார் புறப்பட இருக்கிறார்கள் என்று கேட்டறிவதே முதல் பணி.