வழக்கு வந்தால் வக்கீல் செலவு யாருடையது?
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2023 ஆகஸ்டு 3ஆம் தேதி நம் ஊரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தினக்கூலி மஸ்தூர்களுக்குக் கூடுதல் ஊதியமும் பஞ்சப்படியும் கொடுக்கச் சொன்ன உத்தரவை நிறைவேற்றவில்லை என்று, கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரை சஸ்பெண்டு செய்தது. துணைநிலை ஆளுநர் சொந்தப் பணத்திலிருந்து 5 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. மறுநாளே டில்லி உச்சநீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரலே எழுந்து வாதாடினார். தடை உத்தரவும் கிடைத்தது.

அது அவமதிப்பு வழக்கு; நஷ்டஈட்டு வழக்கல்ல. ஆளுநருக்கு வக்கீல் வைத்ததையும் நாம் குறை சொல்லவில்லை. சர்க்கார் வேலையால் வந்த வழக்கை சர்க்கார்தான் நடத்த வேண்டும். அந்த நியாயம் எந்தப் படி வரைக்கும் இறங்கி வருகிறது என்பதே நம் கேள்வி.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறோம். 1952இல் உதய்பூர் கலெக்டரின் ஜீப்பை, பழுது பார்த்த பட்டறையிலிருந்து ஒரு தற்காலிக டிரைவர் ஓட்டி வந்தார். வழியில் நடந்து போனவர் மீது மோதி, அவர் இறந்தார். மனைவி வித்யாவதியும் சிறு மகளும் டிரைவர் மீதும் ராஜஸ்தான் அரசு மீதும் வழக்குப் போட்டார்கள். அரசுக்கு வக்கீல் இருந்தார். டிரைவர் கோர்ட்டுக்கே வரவில்லை. கீழ்க்கோர்ட்டு என்ன செய்தது? அரசை விட்டுவிட்டு, டிரைவர் மீது மட்டும் எக்ஸ்பார்ட்டி தீர்ப்புச் சொன்னது. தொகை 15,000 ரூபாய். அந்தக் காலத்து டிரைவர் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள்! அவரும் மீள முடியாது. அந்த விதவைக்கும் காசு வந்து சேராது. அரசும் பொறுப்பு என்று உயர்நீதிமன்றம் சொல்லி, 1962இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்த பிறகுதான் வழி பிறந்தது.

ஆகவே ஊழியருக்குப் பாதுகாப்புக் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்குத் துரோகம் என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்கட்டும். லஞ்சம் வாங்கியவனுக்கும் கை நீட்டியவனுக்கும் நாம் பரிந்து பேசவில்லை.

நிரந்தர ஊழியருக்கு வழி இருக்கிறது. 1959 ஜனவரி 8ஆம் தேதி உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவுப்படி, பணி நிமித்தம் செய்த காரியத்துக்காக வெளியார் வழக்குத் தொடுத்தால், பொதுநலன் கருதி அரசே வழக்கை நடத்தலாம். ஊழியர் தாமே நடத்தி வென்றால் நியாயமான செலவு திரும்பக் கிடைக்கும். (வென்றால் என்பதைக் கவனியுங்கள்.) இப்படிப்பட்ட செலவைப் பற்றி அரசியல் சட்டத்தின் 320ஆவது பிரிவே பேசுகிறது.

ஆனால் உத்தரவில் உள்ள சொல் 'அரசு ஊழியர்'. அங்கன்வாடிப் பெண்கள் சிவில் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று உச்சநீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது. 2022இல் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. அது பெரிய வெற்றி, ஆனால் வக்கீலைத் தரவில்லை. நாளை ஒரு குழந்தை விழுந்து கை முறிந்து, பெற்றோர் நஷ்டஈடு கேட்டால் அந்தத் தாய் எந்தக் கதவைத் தட்டுவாள்? ஆஷா சகோதரிக்கும், இலாகா வண்டி ஓட்டும் மஸ்தூருக்கும் இதே கதிதான். வேலை வாங்கும்போது சர்க்கார் ஆள், சம்மன் வந்தால் தனி ஆளா?

1959 உத்தரவின் பாதுகாப்பைத் தினக்கூலி, ஒப்பந்த, மதிப்பூதிய ஊழியர் அனைவருக்கும் நீட்டி, நிர்வாகம் எழுத்து மூலம் ஆணையிட வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை சம்மன் வந்தால் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். பதில் மனுவுக்குச் சட்டம் தரும் தவணை 30 நாள்; கோர்ட்டு மனது வைத்தால் 90 நாள் வரை. அன்றைக்கே இலாகா தலைவருக்கு எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். பெண்களுக்கு 1987ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் உண்டு; வழக்குப் போடுவதற்கு மட்டுமல்ல, எதிர்த்து நிற்பதற்கும்தான். கோரிக்கை மனு மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு, எந்த இலாகா, எத்தனை வருஷ வேலை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.