அயலூர் சென்று வர்த்தகம் செய்வோர்க்குச் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் காவிரிக் கரையோரம் நீங்கலாக, ஏனைய நிலமெல்லாம் மழையையும் கிணற்றையும் நம்பியது. நிலம் கொடுத்தது போதாமையால் நம்மவர் தொழிலையும் வர்த்தகத்தையும் நாடினர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தானத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஆழ்குழாய் தோண்டுகின்றன. நாமக்கல் லாரிகள் செல்லாத மாநிலம் அரிது. சேலத்து ஜவ்வரிசியும் ஜவுளியும் வடநாட்டுக் கடைவீதிகளில் விலையாகின்றன. ஆகவே அயலூர் செல்வது நமக்குப் புதிதன்று. ஆனால் செல்லும் முறையை யாரும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வதில்லை. அதுபற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றோம்.

சென்றவரில் செழித்து மீண்டோர் பலர். மனையாளின் நகையை அடகு வைத்துத் திரட்டிய முதலை ஒரே வருஷத்தில் இழந்து, ஊர் திரும்ப நாணி அங்கேயே அலைவோரும் உளர். இவர்கள் கெட்டதற்குக் காரணம் யாதென ஆராயுங்கால், சரக்கின் குற்றத்தைவிட ஊரறியாமையே பெரிதாகத் தோன்றுகின்றது. சொந்த ஊரில் தகப்பனார் பெயரைச் சொன்னால் கடன் கிடைக்கும். அயலூரில் அப்பெயரை அறிவார் இல்லை. அங்கே நமக்கு உண்மையான முதல் பணமன்று, நாணயமே. அந்நாணயத்தை நம் ஜாதியாரிடத்தில் மட்டுமன்று, அவ்வூராரிடத்திலேயே சம்பாதிக்க வேண்டும். இதுவே இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம்.

இதற்குச் சான்று நம் ஜில்லாவிலேயே உண்டு. சேலத்தில் மீன் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியார் என்பவர் வியாபார நிமித்தம் மலையாள தேசம் சென்றுவருங்கால், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார் என்றும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் செய்யும் முறையை ஷா அறிந்திருந்தார் என்றும், உலக யுத்தம் நடந்த 1943-ம் வருஷத்தில் இருவருமாகச் சேலத்தில் அத்தொழிலைத் தொடங்கினர் என்றும் இத்தொழிலின் வரலாறு கூறும். இருவருக்கும் ஜாதி வேறு, பாஷை வேறு. இன்று எத்தனையோ குடும்பங்கள் அத்தொழிலால் பிழைக்கின்றன. 1981-ம் வருஷத்தில் உற்பத்தியாளர்க்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. அயலானோடு கொண்ட சிநேகம் ஒரு ஜில்லாவுக்கே சோறிட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி, செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, சரக்கோடு செல்லுமுன் வெறுங்கையோடு ஒருமுறை சென்று வருக. பத்து நாட்களாவது தங்கி, கடைவீதியைக் காலையிலும் மாலையிலும் பார்க்க. எந்நாளில் கடையடைப்பு, எம்மாதத்தில் விற்பனை, யார் ரொக்கத்திற்கு வாங்குகின்றனர் என்பனவற்றை விசாரிக்க. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களில் ஜவ்வரிசியே ஆகாரம். விரதம் வந்தபின் சரக்கு அனுப்புவோன் விருந்து முடிந்தபின் இலை போடுவோனை ஒப்பான். கணக்கு முடிக்கும் காலமும் ஊருக்கு ஊர் வேறாம். குஜராத்தி வர்த்தகர் தீபாவளியில் கணக்குப் புத்தகத்திற்குப் பூஜை செய்து புதுக்கணக்குத் தொடங்குவர். வங்காளத்தார் தங்கள் வருஷப் பிறப்பில் ‘ஹால் காத்தா’ என்று புதுக்கணக்கு எழுதுவர். பழைய பாக்கியைக் கேட்பதற்கு அதற்கு முந்திய வாரங்களே தக்க தருணம்.

இரண்டாவது, அவ்வூர்ப் பாஷையைக் கற்க. இலக்கணம் பின்னர் வரட்டும், எண் முதலில் வரட்டும். ஹிந்தி வழங்கும் கடைவீதியில் ‘ஸவா ஸௌ’ என்றால் நூற்றிருபத்தைந்து, ‘டேட் ஸௌ’ என்றால் நூற்றைம்பது, ‘பௌனே தோ ஸௌ’ என்றால் நூற்றெழுபத்தைந்து, ‘டாயீ ஸௌ’ என்றால் இருநூற்றைம்பது. ஒன்று முதல் நூறு வரை மனனம் செய்தவனும் இவ்வார்த்தைகளை அறியாவிடின் பேரத்தில் திகைப்பான். கைபேசி மொழிபெயர்த்துக் கொடுக்கின்றதே என்பீர்கள். வழி கேட்க அது போதும். விலை பேசும்போது எதிரியின் முகத்தைப் பார்த்துப் பேசுபவனுக்கே மதிப்பு உண்டு.

மூன்றாவது, சட்டத்தையும் காகிதத்தையும் கைவசம் வைக்க. 2017-ம் வருஷம் ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கின்றது. வேறு மாநிலத்தில் கடையோ கிடங்கோ வைத்து வர்த்தகம் செய்தால், அம்மாநிலத்தில் தனியே பதிவு செய்தல் வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பும் சரக்கு ரூ.50,000-க்கு மேற்பட்டதாயின் பொதுவாக ஈ-வே பில் வேண்டும். அது இன்றிப் புறப்பட்ட லாரி நடுவழியில் நின்றால், ஒரு பிரயாணத்தின் லாபம் அபராதத்திலேயே போம். வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் பெறுக. பல நகரங்களில் புதிதாய்க் குடியேறுவோரின் விவரத்தைப் போலீஸ் ஸ்டேஷனில் பதிவு செய்கின்றனர். கேட்கும் முன்பே கொடுத்துவிடுதல் நலம்.

நான்காவது, கடன் விஷயம். புதியவன் முதல் மாதத்திலேயே கடனுக்குக் கொடுத்தால், அவனை நல்லவன் என்று யாரும் சொல்லார், ஏமாளி என்றே சொல்வர். முதலில் ரொக்கம், பின்பு சிறு கடன், அது குறித்த நாளில் வந்தபின்னரே பெருங்கடன். ஒரே வாடிக்கைக்காரனிடம் முதலில் பாதிக்கு மேல் சிக்கவிடலாகாது. பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளர்க்கு வாங்கினோர் 45 நாட்களுக்குள் பணம் செலுத்த வேண்டுமென்று 2006-ம் வருஷத்துச் சட்டம் விதிக்கின்றது. நம் ஆலைக்காரர் அப்பதிவைச் செய்து வைத்தல் அவசியம். ஆயினும் வழக்காடி வாங்கும் பணத்தினும் கேட்டு வாங்கும் பணமே நன்று.

ஐந்தாவது, ரிக் தொழிலாளர்க்குத் தனியே ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம். அடிக்கு எவ்வளவு, கேஸிங் குழாய் யார் செலவு, நீர் வராவிடின் கூலி எவ்வாறு என்பனவற்றை இயந்திரத்தை நிறுத்தும் முன்னரே நிலத்துக்காரரிடம் பேசி எழுதிக்கொள்க. நடுவில் ஏஜண்டு சொன்ன வார்த்தையை நம்பி இறங்குதல் ஆகாது. நீர் காணாத துளையை மூடாமல் ஒருபோதும் அகலாதீர்கள். திறந்த குழியில் குழந்தைகள் வீழ்ந்து மாண்ட கொடுமைகள் பல நிகழ்ந்தமையால், 2010-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கு விதிமுறைகள் வகுத்தது. ஒரு மூடி போடும் செலவு அற்பம். அதைப் போடாது வந்தவனுக்கு ஒரு தாயின் கண்ணீர்க்கு முன் என்ன பதில் உண்டு?

ஆறாவது, தேக சுகமும் குடும்பமும். வடநாட்டு மார்கழிக் குளிரும் சித்திரை வெயிலும் நம் சமவெளியார் அறியாதவை. கம்பளியும் நல்ல குடிநீரும் வீண் செலவல்ல. பனிமூட்ட மாதங்களில் ரயில் பல மணி நேரம் தாமதிக்கும். ஒப்பந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்னரே சேர்க. குடும்பத்தை முதல் நாளே அழைத்துச் செல்லாது, வீடும் பள்ளிக்கூடமும் வைத்திய வசதியும் பார்த்தபின் அழைப்பது உசிதம். சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை: புது ஊரில் புருஷன் கடைக்குச் சென்றபின் நாள் முழுதும் தனித்திருப்பவள் நீங்களே. அண்டை வீட்டாரோடு முதலில் பேசத் தொடங்குபவளும் நீங்களாகவே இருங்கள். ஆபத்து வேளையில் சேலத்து உறவினர் கைபேசியில் அழ மட்டுமே கூடும். கதவைத் தட்டி வருபவர் அண்டை வீட்டாரே. 112 என்னும் அவசர எண்ணையும் குழந்தைகளுக்குக் கற்பித்து வையுங்கள்.

இங்கே சிலர், “நம்மவர் இருக்கும் தெருவிலேயே குடியிருந்தால் போதாதா? சங்கம் எதற்கு இருக்கின்றது?” என்று கேட்கலாம். சங்கம் வேண்டுவதே. முதல் வாரத்திற்கு இடமும், நம்பத்தக்க ஒருவரின் அறிமுகமும், இடர்ப்பாட்டில் ஆறுதலும் சங்கம் தரும். டில்லியில் 1946-ல் தோன்றிய தமிழ்ச் சங்கம் போன்றனவும் துணை செய்யும். எனினும் ஊன்றுகோல் நடப்பதற்கேயன்றிச் சாய்ந்து கிடப்பதற்கன்று. நம்மவரிடமே வாங்கி, நம்மவரிடமே விற்று, நம்மவரோடே பேசிக்கொண்டிருப்பவன் பத்து வருஷம் கழித்தும் அவ்வூருக்கு அந்நியனே. அன்றியும், நம்மவன் என்ற ஒரே காரணத்தால் கணக்குப் பாராமல் கொடுத்த பணமே மீளாது போவதும் உண்டு. அறிமுகத்திற்குச் சங்கம், கணக்கிற்குக் காகிதம், வாழ்விற்கு ஊரார் என்று பகுத்துக்கொள்க.

இறுதியாக ஒன்று. குஜராத் தேசத்திலிருந்து பல நூற்றாண்டுகட்கு முன் புறப்பட்டுத் தெற்கே வந்த சௌராஷ்டிர நெசவாளர் சேலத்திலும் குடியேறி, பட்டு நெசவால் இந்நகருக்குப் பெருமை சேர்த்தனர். இன்று ஒடிஸா, பீஹார் முதலிய மாநிலங்களிலிருந்து வாலிபர்கள் நம் ஆலைகளுக்கும் கோழிப் பண்ணைகளுக்கும் வருகின்றனர். நம் பிள்ளை ராய்ப்பூரில் எவ்விதம் நடத்தப்பட வேண்டுமென்று விரும்புகின்றோமோ, அவ்விதமே அவர்களை நாம் நடத்த வேண்டும். குறித்த நாளில் கூலி, ஒழுகாத கூரை, நோயுற்றால் வைத்தியம், மரியாதையான ஒரு விளிச்சொல், இவையே அவர்கள் கேட்பன. அவர்கள் ஊர் திரும்பி நம்மைப் பற்றிச் சொல்லும் வார்த்தை, நம் பிள்ளைகள் அங்குச் செல்லுமுன்னரே அங்குச் சென்று சேர்ந்திருக்கும்.

வெளியூர் செல்லும் வாலிபர்கள் புறப்படுமுன் சங்கக் காரியாலயத்திற்கு ஒருமுறை வந்து, அவ்வூர் அறிந்த பெரியோரைக் கலந்துகொள்வார்களாக. சென்று மீண்டோரும் தாம் கண்டவற்றை, நஷ்டங்களையும் உள்பட, இளையோர்க்கு மறையாது சொல்வார்களாக.