ரயில் ஓடாத பாலம்



அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துப் பொக்கிப்சி நகரில், ஹட்சன் ஆற்றின் மேல் பழைய ரயில் பாலம் ஒன்று உள்ளது. 1889 முதல் நிலக்கரியும் சரக்குகளும் ஏற்றிய ரயில்கள் அதில் ஓடின. 1974 மே மாதம் பாலம் தீப்பிடித்தது. தண்டவாளத்தின் அடியிலிருந்த மரக்கட்டைகள் எரிந்தன. அதன்பின் ரயில் ஓடவில்லை. பாலத்தின் காலம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

எரிந்தவை கட்டைகள்தாம், ஆற்றில் ஊன்றிய தூண்கள் உறுதியாகவே நின்றன. 1992இல் ஊர்மக்கள் சிலர் இதற்கென ஒன்றுகூடினார்கள். 17 ஆண்டு உழைப்புக்குப் பிறகு, 2009 அக்டோபரில், கான்கிரீட் தளம் பாவிய அந்தப் பாலம் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு 212 அடி மேலே, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதை அது. நிலக்கரியைச் சுமந்த பாலம் இன்று பிள்ளைகளையும் முதியோரையும் சுமக்கிறது.

அந்த மக்கள் பாலத்திடம் மறுபடியும் ரயிலைச் சுமக்கக் கேட்கவில்லை. துருப்பிடிக்கட்டும் என்று விட்டுவிடவும் இல்லை. இப்போது இதனால் எதைத் தாங்க முடியும் என்று பார்த்தார்கள்.

நம் வீடுகளிலும் ரயில் நின்றுபோன பாலங்கள் உண்டு. பணி ஓய்வு பெற்ற அப்பா, முழங்கால் வலியோடு திண்ணையில் அமர்ந்திருக்கும் அம்மாச்சி. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று தினமும் கேட்கிறோம். நல்ல கேள்விகள்தாம். ஆனால், "இதுல என்ன செய்யலாம், நீங்க சொல்லுங்க" என்று நாம் கேட்டு எத்தனை நாளாயிற்று? பராமரிப்பு மட்டும் கிடைத்து, பொறுப்பு எதுவும் இல்லாத மனிதர் உள்ளுக்குள் துருப்பிடிக்கிறார்.

குழந்தை இயேசுவைக் கோவிலுக்குக் கொண்டுவந்த நாளில் அவரை அடையாளம் கண்டவர்கள் யார்? முதியவர் சிமியோனும் கைம்பெண் அன்னாவும்தான். அந்தப் பெரும் பணியை இறைவன் வயது முதிர்ந்த அவர்களுக்காக வைத்திருந்தார்.

பாலம் தானாகப் பாதையாகவில்லை. அயலார் கூடித் தளம் போட்டார்கள். அந்த வேலை நம்முடையது. இந்த வாரம் நம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஓர் உதவி கேட்போம். பேரப்பிள்ளைக்குச் செபம் சொல்லித் தரட்டும். நோயுற்ற அண்டை வீட்டாரைப் பார்த்து வரட்டும். நம் குடும்பத்தின் கதையைச் சொல்லட்டும்.

தூண்கள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. அவற்றின்மேல் பாதை அமைக்கும் மனதை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.