சிக்கிக்கொண்ட சிலிண்டர்

1950-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் காவல்துறைத் தலைவர்களின் மாநாடு. அங்கே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு குட்டி ரிவால்வரைக் கொண்டுவந்து வைத்தது. இரண்டு அங்குலக் குழல், .38 ஸ்பெஷல் ரகத்தில் ஐந்தே தோட்டா, கோட்டுப் பைக்குள் அடங்குகிற உருவம். பெயர் வைக்கும் வேலையை மாநாட்டுக்கு வந்தவர்களிடமே விட்டார்கள். அவர்கள் சூட்டிய பெயர் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'. பிற்பாடு மாடல் 36 என்ற எண்ணும் சேர்ந்துகொண்டது.

இந்த வகைச் சின்ன ரிவால்வர் பார்ப்பதற்குத்தான் எளிமை. விசையை இழுத்ததும் உள்ளே ஒரு சிறு நெம்பு மேலேறி, சிலிண்டரின் பின்பக்கப் பல்லைத் தள்ளிச் சுழற்றும். அடியிலிருந்து ஒரு தாழ் எழும்பி, சிலிண்டரில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்தும். அதன் பிறகே சுத்தியல் விழ வேண்டும். எல்லாம் ஒரே இழுப்பில் நடந்தாக வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்து, பொதுவாகக் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் சிலிண்டர் சுற்றவில்லை என்றதும், உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று சொந்தக்காரர் தீர்மானித்துவிடுவார். அனுபவமுள்ள மெக்கானிக் அவ்வளவு சீக்கிரம் நம்பமாட்டார். தோட்டா ஒன்றும் உள்ளே இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு, முதலில் அழுக்கைத்தான் தேடுவார்.

காலித் தோட்டாக்களை வெளியே தள்ளுவதற்கு, சிலிண்டரின் பின்புறம் நட்சத்திரம் போன்ற ஒரு தகடு இருக்கிறது. எரியாத வெடிமருந்துத் துகள் ஒன்றிரண்டு அதன் அடியில் போய் உட்கார்ந்தால் போதும், தகடு முழுதாகப் படியாது. சிலிண்டரை மூடவே அழுத்த வேண்டியிருக்கும், மூடினாலும் இறுகிப்போய்ச் சுற்றும். இதற்கு மருந்து பழைய பல் பிரஷ்தான். குழல்வாயை வானத்தைப் பார்க்க நிமிர்த்திக்கொண்டு காலித் தோட்டாக்களைத் தள்ளுகிற பழக்கம் இருந்தால், துகள்கள் தகட்டுக்கு அடியில் தங்காமல் கீழே உதிர்ந்துவிடும்.

அடுத்த சந்தேகம், அந்தத் தகட்டைத் தள்ளும் கம்பியின்மேல். அது மரையில் முறுக்கிப் பொருத்தப்பட்டது. மரை தளர்ந்தால் கம்பி முன்பக்கமாக நீண்டு முட்டிக்கொள்ளும், சிலிண்டர் திறக்கவே மறுக்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சிலிண்டர்கள் இடப்பக்கமாகச் சுற்றுபவை. பழைய வலது மரைக் கம்பிகள் அந்தச் சுழற்சியில் தளர்வதுண்டு. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிறுவனம் இடது மரைக்கு மாறியது. சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரை போடுவதும் இதே மாதிரிக் காரணத்துக்காகத்தான். இந்த மாற்றம் தெரியாதவர் குறடைப் பிடித்து எதிர்ப்பக்கமாக முறுக்கி, நல்ல கம்பியைப் பாழாக்கிவிடுவார்.

சில நேரம் குற்றவாளி துப்பாக்கியே அல்ல, தோட்டா. 1952-இல் அலுமினியக் கலவைச் சட்டத்தோடு 'ஏர்வெயிட்' ரகம் வந்தது. எடை குறைந்தால் பின்னுதைப்பு கூடும். அந்த உதைப்பில், சுடப்படாமல் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் ஈயமுனை பித்தளைக் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். முனை சிலிண்டரை விட்டு வெளியே நீட்டிவிட்டால் சுழற்சி அங்கேயே நின்றுபோகும். தோட்டாவின் வாய் இறுக்கமாக மடிக்கப்படாததுதான் காரணம்.

சுத்தியல் விழுந்தும் வெடிக்கவில்லையா? தோட்டாவின் பின்புறம் சுத்தியலின் அடி விழும் பிரைமரில் பதிந்த தடத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். தடம் ஆழமாக இருந்தால் தோட்டாவைச் சந்தேகிக்கலாம். ஆழமில்லை என்றால், விசை லேசாக இருக்கட்டும் என்று யாரோ ஸ்பிரிங்கை வெட்டியிருக்கக்கூடும். வெடிச் சத்தத்துக்குப் பதிலாகப் 'புஸ்' என்று மட்டும் கேட்டால், அடுத்த தோட்டாவைச் சுடவே கூடாது. முந்தைய குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன்மேல் இன்னொன்று மோதினால் குழல் புடைத்துவிடும், வெடிக்கவும் வெடிக்கும்.

உண்மையான தேய்மானமும் உண்டு. வெறும் துப்பாக்கியின் சிலிண்டரை ஒரு விரலால் லேசாகத் தடுத்தபடி சுத்தியலை மெல்லப் பின்னுக்கு இழுப்பார்கள். சுத்தியல் கடைசிவரை வந்தும் தாழ் பள்ளத்தில் விழவில்லை என்றால் நெம்பு தேய்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் குண்டு குழலுக்குள் நேராக நுழையாது, அதன் ஓரம் சீவப்பட்டு ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். நெம்பை மாற்றப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும். திருப்புளியால் நெம்பினால் தகடு வளைந்துவிடும். தெரிந்தவர் ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, பிடிச்சட்டத்தைத் திருப்புளியின் மரப்பிடியால் 'டொக் டொக்'கென்று தட்டுவார். அதிர்வில் தகடு தானாகவே எழும்பி வரும். பார்க்க அழகான வேலை. வீட்டில் செய்து பார்க்கிற வேலையல்ல. இந்தியாவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

பழுதுபார்க்க முடியாத கோளாறும் ஒன்று இருந்தது. ஏர்வெயிட்டின் முதல் சில ஆண்டுகளில் சிலிண்டரையும் அலுமினியத்திலேயே செய்தார்கள். விமானிகளுக்காக அமெரிக்க விமானப்படை வாங்கிய 'ஏர்க்ரூமேன்' ரிவால்வரும் அப்படித்தான். வழக்கமான தோட்டாவின் அழுத்தத்தை அந்த உலோகம் தாங்கவில்லை. அழுத்தம் குறைந்த தனித் தோட்டா செய்து பார்த்தார்கள், அதுவும் போதவில்லை. 1950-களின் கடைசியில் விமானப்படை அவற்றைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கி அழித்தது. தப்பிய சில இன்று சேகரிப்பாளர்களிடம் பெரும் விலைக்குப் போகின்றன. வாங்குகிறவர்கள் அவற்றைச் சுட்டுப் பார்ப்பதில்லை.