ஊர்ப் பொதுவில் முடிக்கத் தகாத வழக்கு



வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் நம்மிடம் வருகின்றன; இரு தரப்பாரையும் அமர்த்திப் பேசித் தீர்க்கின்றோம். அது நல்ல வழக்கமே. ஆனால், அரிசி ஆலையிலோ செங்கற் சூளையிலோ கூலி வேலை செய்யும் பெண்ணொருத்தி, தன்னிடம் மேலாளர் முறைகேடாக நடந்தார் என்று கண்ணீருடன் வந்து நின்றால், அதனையும் 'ஏதேனும் கொடுத்து முடித்துவிடலாம்' என நாம் கருதுதல் தகாது.

1992-ஆம் ஆண்டில், இராஜஸ்தானத்தில் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற கிராமப் பெண் ஊழியர் ஒருவர் கொடிய வன்முறைக்கு ஆளானார். அதன்பின் தொடரப்பட்ட விசாகா வழக்கில் 1997-இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. 2013-இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பிறந்தது. ஆகவே, இச்சட்டத்தின் வேர் கிராமத்திலேயே உள்ளது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தல் முதலாளியின் கடமை. பத்துப் பேருக்குக் குறைவான இடமாயினும், முதலாளி மீதே புகாராயினும், மாவட்டத்து உள்ளூர்க் குழு விசாரிக்கும். அதற்காக மாவட்டத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை. வட்டாரந்தோறும் உள்ள பொறுப்பு அலுவலர் புகாரைப் பெற்று, 7 நாட்களுக்குள் குழுவுக்கு அனுப்பவேண்டும்.

புகாரை 3 மாதத்திற்குள் எழுத்து மூலம் கொடுத்தல் வேண்டும். தக்க காரணமிருப்பின் குழு மேலும் 3 மாதம் வரை தவணை தரலாம். எழுத இயலாதவருக்கு எழுதித்தர உதவுவது குழுவின் பொறுப்பு. விசாரணை 90 நாட்களுக்குள் முடிதல் வேண்டும். இடையில் அப்பெண் எழுதிக் கேட்டால், விடுப்போ இடமாற்றமோ வழங்குமாறு குழு பரிந்துரைக்கலாம்.

சமரசம் உண்டா எனில், அப்பெண்ணே விரும்பிக் கேட்டால் மட்டும், விசாரணைக்கு முன், குழுவின் மூலமாக உண்டு. ஆயினும் பணம் அதற்கு அடிப்படையாதல் கூடாதெனச் சட்டம் விலக்குகிறது. அவர் பெயரை வெளியிடுதலும் குற்றமே. அவ்வாறிருக்க, ஊர்ப் பொதுவில் அவரை நிறுத்திக் கேள்வி கேட்பது எங்ஙனம் நியாயமாகும்?

இக்குழுவை நாடுவதால் காவல் நிலையத்தில் புகார் செய்யும் உரிமை குறையாது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, பெண்களுக்கு வருமானம் பாராது இலவச வழக்கறிஞரைத் தரும்.

நாம் செய்யவேண்டியது இரண்டே. வட்டாரப் பொறுப்பு அலுவலர் யார் என அறிந்து, பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிவைப்போம். தேடி வரும் பெண்ணிடம் தீர்ப்புச் சொல்லாது, தவணை தவறுமுன் அவ்வலுவலரிடம் துணை சென்று சேர்ப்போம். அதுவே நம் பஞ்சாயத்துக்குப் பெருமை.